ஆபீஸ் வேன் எடுக்கலாமா, கன்வேயன்ஸ காசா வாங்கலாமா? டேக்ஸ் எதுல கம்மி? (வேலூர் – அம்பத்தூர்)

சீசன்டிக்கெட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி காந்தி நகர். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பேக் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பேயபிள் டீம்ல ஜூனியரா இருக்கேன். மாச கிராஸ் 38,000, அதுல பேசிக் 15,000, மிச்சம் எல்லாம் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி), ஸ்பெஷல் அலவன்ஸ்னு ஏதேதோ பேர்ல வருது. இவ்ளோ நாளா ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏறி அரக்கோணத்துல இறங்கி லோக்கல் புடிச்சி தான் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். இப்ப நம்ம பக்கத்துல இருந்து வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்கன்னு கம்பெனில வேலூர் கிரீன் சர்க்கிள்ல இருந்து வேன் விடப்போறாங்க. வேன் எடுத்தா மாசம் 1,500 சம்பளத்துல புடிச்சிப்பாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்தா கன்வேயன்ஸ் அலவன்ஸ்னு மாசம் 4,000 சம்பளத்தோட சேத்துத் தருவாங்க.

எச்ஆர்ல கேட்டா "வேன் டேக்ஸ் ஃப்ரீ, காசு டேக்ஸபிள், யோசிச்சி வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்ம் குடுங்க"ன்னு முடிச்சிட்டாங்க. டீம்ல பாதி பேர் டேக்ஸுன்ற வார்த்தைய கேட்டதும் வேனுக்கு கையெழுத்து போட்டுட்டாங்க. எது லாபம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. புது ரெஜிம் (புது வரி முறை) தான், வேற வருமானம் இல்ல.

மக்கன்பேடா:
வேன்ல போப்பா, இதுல யோசிக்க இன்னா கீது. அரக்கோணத்துல காலைல லோக்கல் புடிக்கிற கஷ்டம் உனக்கு தெரியாததா.

டிடிஎஸ்_அக்கா:
தம்பி, உங்க எச்ஆர் சொன்னது சட்டப்படி சரி தான், ஆனா உங்களுக்கு அதுனால ஒரு பைசா வித்தியாசம் இல்ல. நான் ராணிப்பேட்டைல பேரோல் பாக்குறேன், ஜனவரி வந்தா இந்த கேள்விய தினமும் கேக்குறேன்.

சட்டம் என்னன்னா, 2025-26க்கு பொருந்தற 1961 வருமான வரிச் சட்டம் 17(2)ல பெர்குவிசிட்னா (சம்பளத்தோட முதலாளி குடுக்குற சலுகை) என்னன்னு சொல்ற இடத்துலயே ஒரு விளக்கம் இருக்கு, வீட்ல இருந்து ஆபீசுக்கும் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கும் முதலாளி குடுக்குற வண்டில போய் வந்தா அத சலுகையா எடுத்துக்கக் கூடாதுன்னு. கம்பெனியோட சொந்த வேனா, டிராவல்ஸ்ல வாடகைக்கு எடுத்ததான்னு பாக்கறதில்ல. ஆம்பூர் வாணியம்பாடி ஷூ கம்பெனி பஸ்ஸுல காலைல பொண்ணுங்க போறாங்களே, அதுக்கும் இதே விதி தான். அதே போக்குவரத்துக்கு காசா குடுத்தா அது முழுசா சம்பளம், வரி உண்டு.

இப்ப உங்க கணக்கு. 38,000 கூட 4,000 சேத்தா 42,000, வருஷத்துக்கு 5,04,000. புது ரெஜிம்ல ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (சம்பளக்காரங்களுக்கு பில்லு இல்லாம கழிக்கற தொகை) 75,000 போனா 4,29,000. 4 லட்சம் வரைக்கும் வரி கிடையாது, மேல இருக்குற 29,000க்கு 5 பர்சன்ட் 1,450 ரூபா. அந்த 1,450உம் 87ஏ ரிபேட்ல (வரித் தள்ளுபடி) போயிடும், ஏன்னா 2025-26ல 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கு. ஆக மொத்தம் வரி சைபர். பழைய ரெஜிம்ல போட்டாலும் 50,000 கழிச்சா 4,54,000, 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால அங்கயும் சைபர் தான். இல்லாத வரிய காட்டி பயமுறுத்தறாங்க, அவ்ளோதான்.

பாலாத்துமணல்:
அக்கா சொல்றது கரெக்ட். கையில வர்ற காசு மட்டும் பாத்தா வேன் எடுத்தா மாசம் 1,500 போகுது, எடுக்கலன்னா 4,000 வருது, ரெண்டுக்கும் நடுவுல மாசம் 5,500. வருஷத்துக்கு 66,000. இத டேக்ஸ்னு ஒரு வார்த்தைல மறைச்சிட்டாங்க பாரு!

ஆனா தம்பி, அந்த 4,000ல இருந்து சீசன் காசு, ஸ்டேஷன்ல பைக் ஸ்டாண்டு காசு, லேட் ஆனா ஷேர் ஆட்டோ எல்லாம் கழியும், அதையும் போட்டுக்கோ.

சீசன்டிக்கெட்:
ரொம்ப நன்றி அக்கா. ஒரு சந்தேகம், அந்த 1,500 புடிக்கிறாங்களே, அத எனக்கு செலவா காட்டி வருமானத்துல கழிச்சிக்க முடியாதா? அப்புறம் நான் கம்பெனி கிட்ட வேனும் வேணாம் காசும் வேணாம், சீசன் டிக்கெட் எடுத்துக் குடுங்கன்னு கேக்கலாம்னு இருக்கேன். அதுவும் வண்டி தானே, வரி வராது இல்ல?

டிடிஎஸ்_அக்கா:
1,500ஐ கழிக்க முடியாது. நெட் சம்பளத்துல இருந்து புடிக்கிறது நீங்களே பாக்கெட்ல இருந்து எடுத்து குடுக்கற மாதிரி தான், வருமானம் குறையாது. சில கம்பெனில வேற மாதிரி பண்ணுவாங்க, சிடிசிலயே (கம்பெனி உங்களுக்கு பண்ற மொத்த வருஷச் செலவு) வேன் செலவுன்னு ஒரு தொகைய ஒதுக்கிட்டு சம்பளத்த அந்த அளவுக்கு கம்மியா போடுவாங்க. அப்ப அந்தப் பணம் சம்பளமாவே வராது, வரியும் இல்ல. வரி கட்டற லெவல்ல இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. ஆஃபர் லெட்டர்ல எது எழுதியிருக்குன்னு பாருங்க.

சீசன் டிக்கெட் விஷயத்துல தான் கூத்து. சட்டம் விலக்கு குடுக்கறது முதலாளி குடுக்குற வண்டிக்கு. ரயில் உங்க கம்பெனி வண்டி இல்ல. நீங்க கட்ட வேண்டிய சீசன் காச கம்பெனி கட்டினா அது உங்க செலவ அவங்க ஏத்துக்கிட்டதா ஆயிடும், பெர்குவிசிட், வரி உண்டு. ஆயிரம் பேர் போற ரயில்ல சீசன்ல போனா வரி, ஏசி கேப்ல ஒத்தையா போனா வரி இல்ல. நான் இத சொன்னா யாரும் நம்பறதில்ல.

வெயிலூர்_டூ_டோக்கியோ:
சும்மா நடுவுல நுழையறேன், நானும் வேலூர் தான், விஐடில படிச்சிட்டு இப்ப ஜப்பான்ல இருக்கேன். இங்க இது அப்படியே தலைகீழ். ரயில் பாஸ் காச கம்பெனி குடுக்கறது தான் இங்க வழக்கம், மாசம் 1,50,000 யென் வரைக்கும் வருமான வரி கிடையாது. ஆனா நியாயமான சிக்கனமான ரூட்ல தான் பாஸ் இருக்கணும், சுத்திப் போற ரூட்டுக்கு தரமாட்டாங்க. ஒரு சூட்சுமம் என்னன்னா வரி இல்லன்னாலும் சோஷியல் இன்சூரன்ஸ் பிடித்தத்துக்கு அந்தக் காசையும் சேத்து தான் கணக்கு போடுவாங்க. தூரத்துல குடியிருக்கறவன் அதனாலயே கொஞ்சம் கூட கட்டறான்.

கோட்டை_அகழி:
நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல காசா குடுத்தா கூட விலக்கு இருந்துச்சி சார். டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ் மாசம் 800, 2015ல அத 1,600 ஆக்கினாங்க. பில்லு கில்லு எதுவும் வேணாம், சைக்கிள்ல போனா கூட கழிச்சிக்கலாம். 2018 பட்ஜெட்ல அதையும் வருஷம் 15,000 மெடிக்கல் விலக்கையும் தூக்கிட்டு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 40,000 குடுத்தாங்க. பேப்பர் எல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதுச்சி. மாசம் 1,600னா வருஷம் 19,200, அது கூட 15,000, மொத்தம் 34,200 ஏற்கனவே இருந்தது தான், புதுசா வந்தது 5,800. அதே பட்ஜெட்ல செஸ்ஸ (வரி மேல போடற கூடுதல் வரி) 3ல இருந்து 4 பர்சன்ட் ஆக்கி கொஞ்சத்த திரும்பி வாங்கிக்கினாங்க. அப்புறம் 50,000 ஆச்சி, இப்ப புது ரெஜிம்ல 75,000. ஆபீஸ் போற செலவு இதுக்குள்ளயே அடக்கம்னு அர்த்தம்.

குடியாத்தம்_ரவுண்டு:
அண்ணே நான் மைக்ரோ ஃபைனான்ஸ்ல ஃபீல்டு ஆபீசர். காலைல பிராஞ்ச் போய் கையெழுத்து போட்டுட்டு பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டுன்னு சென்டர் மீட்டிங்க்கு பைக்ல சுத்தறேன், சாயங்காலம் கலெக்ஷன் கட்டிட்டு வீட்டுக்கு. பெட்ரோலுக்கு மாசம் மொத்தமா 5,000 தராங்க, சம்பளத்தோட சேந்தே வருது. எங்க சீனியர் அதுவும் டேக்ஸபிள்ன்றாரு. ஊர் ஊரா வேலைக்கு சுத்தறதுக்கு கூடவா வரி?

டிடிஎஸ்_அக்கா:
உங்க கேஸ் வேற தம்பி. வீட்டுக்கும் ஆபீசுக்கும் போறது சொந்தப் பயணம். வேலைக்காக ஊர் ஊரா போறது டியூட்டி பயணம், அதுக்கு குடுக்குற கன்வேயன்ஸ் அதே சட்டம் 10(14)ல வருது, உண்மையா செலவு ஆன வரைக்கும் விலக்கு. புது ரெஜிம்லயும் இந்த விலக்கு இருக்கு, நிறைய பேர் எல்லாம் போச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க.

ஆனா கணக்கு வேணும். எந்த தேதி, எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர்னு ஒரு நோட்டுல எழுதி மாசாமாசம் பிராஞ்ச் மேனேஜர் கையெழுத்து வாங்கி வைங்க. வீட்ல இருந்து பிராஞ்ச் வர்ற தூரத்த அதுல சேக்காதீங்க. சொந்த வண்டிக்கு கம்பெனி செலவு பண்ணி, வேலைக்கும் சொந்தத்துக்கும் கலந்து ஓட்டறீங்கன்னா 2025-26 வருமான வரி விதி 3ல பைக்குக்குன்னே ஒரு கணக்கு இருக்கு, கம்பெனி செலவு பண்ணதுல மாசம் 900 கழிச்சிட்டு மிச்சத்த பெர்குவிசிட்டா எடுப்பாங்க. டியூட்டிக்கு அதுக்கு மேல ஆச்சின்னா நோட்டு காட்டி கழிக்கலாம். கார் வச்சிருக்கறவனுக்கு 1,800, 2,400னு தனி ரேட்டு.

மக்கன்பேடா:
900 ரூபாய்க்கு இன்னைக்கு பெட்ரோல் போட்டா ஒடுகத்தூர் மலை அடிவாரம் நாலு வாட்டி போய் வரலாம், மாசம் பூராவா ஓட்டறது 😂

லெட்ஜர்_கருப்பு:
ஓகே, ஆனா "ஜூனியருக்கு டேக்ஸே இல்ல, காசா வாங்கு"ன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடாதீங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பையன், புதுசா சிஏ முடிச்சவன், வருஷ சம்பளம் கரெக்டா 12,75,000. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போக 12 லட்சம், ரிபேட்ல வரி சைபர். இவன் இதே மாதிரி மாசம் 4,000 கன்வேயன்ஸ் வாங்கறான்னு வைங்க, வருமானம் 12,48,000 ஆயிடும். ஸ்லாப்படி (வருமான அடுக்கு ரேட்டுப்படி) வரி 67,200. மார்ஜினல் ரிலீஃப் குடுத்து 12 லட்சத்துக்கு மேல போன தொகைக்கு, அதாவது 48,000க்கு குறைப்பாங்க. அது மேல 4 பர்சன்ட் செஸ்ஸு 1,920. மொத்தம் 49,920. கன்வேயன்ஸ்னு வாங்கினது 48,000, வரியா போறது 49,920. கையில இருந்து 1,920 குடுத்து கன்வேயன்ஸ் வாங்கின கதை.

இந்தப் பையனுக்கு வேன் தான் லாபம். ஃப்ரீயா இல்லாம காசு புடிச்சா கூட, அவன் தானா போய் வர்ற செலவ விட அது கம்மின்னா வேன் தான்.

பாலாத்துமணல்:
செம கணக்கு தலைவா! இத யாரும் சொல்றதே இல்ல. அந்த 12.75க்கும் ஒரு 13.45க்கும் நடுவுல மாட்டினவன் ஒவ்வொரு ரூபாயையும் அப்படியே குடுக்கணும் போலகீது.

லெட்ஜர்_கருப்பு:
ஆமா, ஏறக்குறைய அந்த ரேஞ்சு தாண்டினா மார்ஜினல் ரிலீஃப் வேலை செய்யாது, சாதா ஸ்லாப்புக்கு வந்துடும். காசு டேக்ஸபிள்னு எச்ஆர் சொல்ற அந்தப் பேச்சு இந்த மாதிரி ஆளுக்கு சொல்ல வேண்டியது தான். அத அப்படியே 38,000 வாங்கற புள்ளைங்களுக்கும் படிச்சி காட்டறாங்க.

இன்னொண்ணு, கம்பெனி ஏன் வேனுக்கு தள்ளுதுன்னும் பாருங்க. டிரைவரோட சேத்து 13 பேருக்கு மேல உக்கார்ற வண்டின்னா வாடகைல போற ஜிஎஸ்டிய கம்பெனி கிரெடிட் எடுத்துக்க (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சிக்க) வழி இருக்கு, சின்ன கேப்னா பெரும்பாலும் முடியாது. சம்பளமா குடுக்குற 4,000ல அவங்களுக்கு எந்த கிரெடிட்டும் கிடையாது. வேன்ல சீட்டு நிரம்பினா தான் அவங்களுக்கு கட்டுப்படி ஆகும்.

சீசன்டிக்கெட்:
ஓஹோ அதான் ஆளாளுக்கு மெயில் அனுப்பிக்கினு இருக்காங்களா.

மாசக்கடைசி:
நான் ஒரு கேள்வி கேக்கணும். ராணிப்பேட்டைல அக்கவுண்ட்ஸ், மாச கடைசில குளோசிங் வந்தா ராத்திரி 9, 9.30 ஆயிடும். காட்பாடி பக்கம் வீடு. எல்லாருக்கும் கன்வேயன்ஸ் 1,500, பொண்ணுங்களுக்கு மட்டும் 800. ஏன்னு கேட்டா மேனேஜர் சிரிச்சிக்கிட்டே "உங்களுக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீயாச்சே"ன்றாரு. ராத்திரி ஒன்பதரைக்கு எந்த டவுன் பஸ்ஸு எங்க தெருவுக்கு வருது? கேப் கேட்டா "அது டேக்ஸ்ல பிரச்சினை ஆகும்"ன்னு சொல்றாங்க. உண்மையா?

டிடிஎஸ்_அக்கா:
பொய். கம்பெனி ஏற்பாடு பண்ற கேப்ல நீங்க வீட்டுக்கு போனா உங்களுக்கு வரி ஒரு பைசா கிடையாது, மேல சொன்ன அதே 17(2) விளக்கம். தமிழ்நாட்ல 24 மணி நேரம் கடை, ஆபீஸ் திறக்க அனுமதி குடுத்த 2019 அரசாணைல பொம்பளைங்கள 8 மணிக்கு மேல வேலை வாங்கணும்னா எழுத்துல சம்மதம் வாங்கணும், ஷிஃப்ட்டுல வேலை பாக்கறவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணணும், வாசல்ல போர்டு வைக்கணும்னு எல்லாம் இருக்கு. உங்களது கடை, நிறுவனச் சட்டத்துல பதிவானதா ஃபேக்டரி சட்டத்துல வருதான்னு பாருங்க, ஃபேக்டரினா விதி தனி, ஆனா ராத்திரி வேலைக்கு வண்டி விடணும்ன்றது அங்கயும் உண்டு. மெயில்ல எழுதி கேளுங்க, வாய்ல கேக்காதீங்க.

அந்த 800 விஷயம் வரியே இல்ல, ஒரே வேலைக்கு பொண்ணுன்றதால கம்மி. அது தனி வழக்கு. டவுன் பஸ் ஃப்ரீ பண்ணது அரசாங்கம், மிச்சம் ஆகற காசு உங்களுது, உங்க மேனேஜரோடது இல்ல.

கோட்டை_அகழி:
👏👏

ஆற்காடு_அடகு:
அக்கா எனக்கும் ஒண்ணு. ஆற்காட்ல நகைக்கடன் கவுண்டர்ல இருக்கேன். கிராஸ் 22,500, அதுல கன்வேயன்ஸ் 2,000. 21,000 தாண்டிட்டேன்னு இஎஸ்ஐல (தொழிலாளர் காப்பீட்டு வைத்தியத் திட்டம்) சேக்கல. அம்மாவுக்கு சுகர், இஎஸ்ஐ இருந்தா வேலூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டலாம்னு ஆசை.

டிடிஎஸ்_அக்கா:
முக்கியமான கேள்வி தம்பி, வரிய விட இது தான் உங்க சம்பளத்துல இருக்கறவங்களுக்கு பெருசு. இஎஸ்ஐ சட்டத்துல கூலின்ற விளக்கத்துலயே பயணப்படி வெளிய தான். கன்வேயன்ஸ் அலவன்ஸும் அதுக்கு சமம்னு நம்ம கோயம்புத்தூர் டெக்ஸ்மோ கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு 2021ல ஒத்துக்கிச்சி. அப்படிப் பாத்தா உங்களது 20,500. உள்ள வர்றீங்க. உங்க பங்கு 0.75 பர்சன்ட், மாசம் 154 ரூபா, கம்பெனி 3.25 பர்சன்ட். அம்மா உங்கள நம்பி இருந்தா அவங்களுக்கும் வைத்தியம் உண்டு.

2025 நவம்பர் 21ல இருந்து புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) வந்திருக்கு. அதுலயும் கன்வேயன்ஸ் கூலிக்கு வெளிய தான், ஆனா இந்த மாதிரி வெளிய இருக்கற அலவன்ஸ் எல்லாம் மொத்தத்துல பாதிய தாண்டினா, தாண்டின பகுதி கூலியா மாறிடும். உங்க பேசிக் பாதிக்கு மேல இருக்கா பாருங்க.

சீசன்டிக்கெட்:
அக்கா அப்ப எனக்கும் இது இடிக்குமா? பேசிக் 15,000 தான்.

லெட்ஜர்_கருப்பு:
இடிக்கும், ஆனா உனக்கு நல்லது தான். 42,000ல பேசிக் 15,000 போக அலவன்ஸ் 27,000, அது எல்லாம் கூலிக்கு வெளிய இருக்கறதுன்னு வைப்போம். பாதி 21,000. மேல இருக்கற 6,000 கூலில சேந்து 21,000 ஆகும். பின்னாடி கிராஜுவிட்டி (பணிக்கொடை) அந்த 21,000க்கு கணக்கு போடணும். பிஎஃப் 15,000 சீலிங்ல (உச்ச வரம்பு) புடிக்கிற கம்பெனின்னா பிஎஃப்னால கையில வர்றது குறையாது. முழு சம்பளத்துக்கும் பிஎஃப் போடற கம்பெனின்னா கொஞ்சம் கூட போகும், அதுவும் உன் கணக்குல தான சேருது.

வேன் எடுத்தா உனக்கு இந்த கூடுதல் கம்மி. 38,000ல பாதி 19,000, கூலி 19,000. அதையும் கணக்குல சேத்துக்கோ.

ஊன்றுகோல்:
ஒரு தகவல் மட்டும். டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ் எல்லாருக்கும் போச்சின்னாலும் கண் பார்வை இல்லாதவங்க, காது கேளாத வாய் பேசாதவங்க, கால் ஊனம் உள்ளவங்களுக்கு மாசம் 3,200 விலக்கு 2025-26லயும் இருந்துச்சி, புது ரெஜிம்லயும். நான் வாங்கறேன். எங்க பேரோல் சாஃப்ட்வேர்ல அந்த கட்டமே இல்ல, சர்டிபிகேட் குடுத்து எழுதி வாங்க வேண்டியிருந்துச்சி. லெட்ஜர் சார் சொன்ன 12.75 பக்கத்துல இருக்கறவங்க யாராவது இப்படி இருந்தா வருஷம் 38,400 கழியும், விட்டுடாதீங்க.

டிடிஎஸ்_அக்கா:
ரொம்ப நன்றிங்க, இத நான் முதல்லயே எழுதியிருக்கணும்னு நெனச்சேன், நீங்களே சொல்லிட்டீங்க.

மக்கன்பேடா:
எல்லாம் சரி, நேரத்த யாரு கணக்கு போடறது? வாலாஜால இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோடு போடறேன்னு எத்தனை வருஷமா தோண்டி வச்சிருக்கான், வேன் நசரத்பேட்டை தாண்டறதுக்குள்ள தம்பி ரயில்ல போய் டீ குடிச்சிட்டு சிஸ்டம் ஆன் பண்ணிடுவான். நான் முதல்ல வேன்னேன், இந்த 5,500 கணக்கு பாத்தப்புறம் ரயில் தான் கண்ணு.

சீசன்டிக்கெட்:
இன்னைக்கு எச்ஆர்க்கு மெயில் போட்டேன், வேன் வேணாம் கன்வேயன்ஸ் குடுங்கன்னு. கூடவே வருஷ நடுவுல மாத்திக்கலாமான்னும் கேட்டிருக்கேன், மழைக்காலத்துல தேவைப்பட்டா. டீம்ல கையெழுத்து போட்டவங்க ரெண்டு பேர் ஃபார்ம திரும்பி கேட்டிருக்காங்க. எச்ஆர் அக்கா கூப்ட்டு "யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்றது"ன்னு கேக்கறாங்க 😅

ஒரே ஒரு டவுட்டு அக்கா, வரி சைபர்னா ரிட்டர்ன் போட வேணாமா?

டிடிஎஸ்_அக்கா:
போடணும் தம்பி. புது ரெஜிம்ல ரிபேட்டுக்கு முன்னாடி மொத்த வருமானம் 4 லட்சத்த தாண்டினா ரிட்டர்ன் கட்டாயம், வரி சைபர் ஆனாலும். நீங்க 4,29,000. ஜூன்ல ஃபார்ம் 16 (சம்பளம், வரி பத்தின சான்று) குடுப்பாங்க, அதுல கன்வேயன்ஸ் சம்பளத்தோட சேந்து தான் வரும், தனியா விலக்குன்னு எங்கயும் போடாதீங்க. போட்டா நோட்டீஸ் வரும்.